முதல் ஓலை

குளோரி பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. இருபத்தாறு வருடமாகப் புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிறவள். நேற்றுப் பிடித்த சாளையை இன்று விடியப் பிடித்தது என்று மாதாவின் பெயரில் சத்தியம் செய்து விற்றிருக்கிறாள். அந்தப் பாவத்தைச் சனிக்கிழமை சாமியாரிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை மறுபடியும் செய்திருக்கிறாள். அப்படிப் பழகிய வாய், அந்த வியாழக்கிழமை மழையில் நின்றுகொண்டு சொன்ன பொய்யை மட்டும் ஓட்டை வைத்துச் சொல்லிவிட்டது என்றால், அதற்குக் காரணம் ஒன்றுதான். அவளுக்குக் களைப்பு.

ஆறு வாரக் களைப்பு அது. 2009 ஏப்ரல் கடைசியில் அவள் புருஷன் ஏசுஅடிமை, தூண்டில் போட்டில் ஆழ்கடலுக்குப் போய்ப் பதினோரு நாள் கழித்துத் திரும்பினான். சுறா வரும், சூரை வரும் என்று கரையில் காத்து நின்றவளிடம், தார்ப்பாயில் சுற்றிய ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தான். எஞ்சின் நின்றுபோன ஃபைபர் வள்ளம் ஒன்று மிதந்து வந்ததாம். அதில் மூன்று பேர் கிடந்தார்களாம். இரண்டு பேருக்கு உயிரில்லை.

“கடல்ல கெடந்தது. எடுத்தோண்டு வந்தேன்,” என்றான் ஏசுஅடிமை. அதோடு தன் பாடு முடிந்தது என்று பாயில் சுருண்டுவிட்டான். ஆண்பிள்ளைகள் கரையேற்றுவதோடு சரி. அதற்குப் பிறகு கஞ்சி, துணி, மருந்து, பயம் எல்லாம் பெண்டுகள் பாடு.

பெண்ணின் பெயர் ஜெசிந்தா. வயது இருபத்திரண்டு. ஊர் முல்லைத்தீவுக் கடற்கரை. அங்கேயும் மீன்தான், அங்கேயும் மாதா கோயில்தான். வள்ளத்தில் செத்துக் கிடந்த இருவரில் ஒருவன் அவளுடைய அண்ணன். சண்டை நடந்தபோது இயக்கத்துக்காரர்கள் அவளை வீட்டிலிருந்து இழுத்துப்போய், தலைமுடியை ஒட்ட வெட்டி, நான்கு மாதம் வைத்திருந்தார்கள். தப்பி ஓடி வந்தாள். அந்த நான்கு மாதம்தான் இப்போது வினை. அங்கே ஒருநாள் இயக்கத்தில் இருந்தவளைக்கூட ராணுவம் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே போலீசில் பதிந்தால் விசாரணை வரும், தனி முகாமில் பூட்டுவார்கள், திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம்.

“திருப்பி அனுப்பினால் சுடுவினம் எண்டு எனக்குப் பயமில்லை அம்மா. சுடுறதுக்கு முதல் செய்யிறதுக்குத்தான் பயம்,” என்று முதல் வாரத்தில் ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு குளோரி அவளிடம் எதையும் கேட்கவில்லை.

முதல் காரியமாகத் தலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கல்யாண வயதுப் பெண் நான்கு விரல் முடியோடு நின்றால் பார்க்கிறவன் எவனும் கேட்பான். குளோரி ஏசுஅடிமையின் சவரக்கத்தியை எடுத்து முழுமொட்டை அடித்துச் சந்தனம் பூசிவிட்டாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை என்று சொன்னால் அந்த ஊரில் மேற்கொண்டு கேள்வி கிடையாது. மாதாவின் பெயரில் சாளை விற்றவளுக்கு இது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. பிறகு, வெளியே வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தாள். அந்தப் பிள்ளை இரண்டு வார்த்தை பேசினால் போதும், சின்னக் குழந்தைகூடச் சிலோன் என்று சொல்லிவிடும்.

அடைக்கலம் கொடுப்பது காதுக்குப் பெரிய காரியம். செய்து பார்த்தால் அதில் முக்கால்வாசி தண்ணீர் சுமப்பதுதான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு, கக்கூஸ் பின்னால் தனியாக நிற்கிறது, ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு நேராக. ஆகவே பிள்ளைக்கு உள்ளேயே ஒரு வாளி. விடியுமுன் அதைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். குளிக்க, துவைக்க என்று தெருக்குழாயிலிருந்து நாள் ஒன்றுக்கு எட்டுக் குடம் கூடுதல். சாத்திய கதவுக்குள் புழுக்கம். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையிலிருப்பது நழுவும். இடி இடித்தால் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்போது அது போடுகிற கூப்பாடு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. ஜூன் மாதம் பிறந்ததும் கடல் பொங்கியது. போட்டுகள் கரையேறின. ஐஸ் மீனைச் சுமந்து புதுக்கடைக்குப் போய், முழங்கால் இரண்டும் வலிக்கத் திரும்பி வந்தால், வாசலில் காலிக் குடம் நிற்கும். சில நாள் அந்தக் குடத்தைப் பார்க்கும்போது, ஏன் இவன் இவளைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதற்காக அழுதும் இருக்கிறாள். அழுத பிறகும் குடத்தை அவள்தான் தூக்க வேண்டியிருந்தது.

ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். போட்டில் போன ஐந்து பேருக்கும் பெண்டாட்டிகள் உண்டு. ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியத்தில் ஒரு வசதி, யாரும் யாரிடமும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி பழைய சுடிதார் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். இன்னொருத்தி அவித்த மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தாள்.

வராதவள் ஒருத்திதான், செல்லபாய். சுனாமி வீடுகள் இரட்டை இரட்டையாக ஒட்டி நின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் ஒற்றைக்கல் கனம். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லபாய். குளோரிக்கு நான்கு வயது மூத்தவள், அதனால் மைனி. குளோரியின் மகன் ஜெனின் பஹ்ரைனில் இருந்தான். செல்லபாயின் மகள் லிஜா மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் நின்றாள். அவனுக்கு அவள் என்று இரண்டு வீட்டிலும் வாய்ப்பேச்சு முடிந்து ஒரு வருடம் ஆகிறது. கிறிஸ்மசுக்கு அவன் லீவில் வரும்போது கல்யாணம் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் கல்யாண வயதில் இன்னொரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டால், லிஜாவைப் பெற்றவளுக்கு என்ன தோன்றும்? செல்லபாய் குளோரியிடம் பேச்சை நிறுத்தினாள். சாக்கடைத் தண்ணீர் தன் பக்கம் வருகிறது என்பது அவள் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் பங்குச்சாமியாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபாதர் ஞானதாசன் ரோமாபுரியில் நான்கு வருடம் படித்தவர். அந்தப் படிப்பில் ஊருக்குப் பயன்பட்டது ஒரு கதை மட்டும்தான். ஒவ்வொரு தவக்காலத்திலும் அதைச் சொல்வார். இத்தாலியில் ஒரு மலையூருக்கு அவர் பூசை வைக்கப் போவாராம். அங்கே அசுந்தா என்று ஒரு வயதான அம்மா. பெரிய யுத்தத்தின்போது ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை வீடுவீடாகத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள் அல்லவா, அப்போது ஒரு யூதத் தையல்காரர், மனைவி, மூன்று பிள்ளைகள், அந்த ஊருக்கு ஓடி வந்தார்களாம். அசுந்தாவின் தாய் அவர்களை மாட்டுத் தொழுவத்துக்கு மேலே வைக்கோல் பரணில் ஒன்பது மாதம் ஒளித்து வைத்தாள். ஊருக்கே தெரியும். சிப்பாய்கள் மூன்று தடவை வந்து கேட்டார்கள். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஊர்ச் சாமியார் ஐந்து பேருக்கும் பொய்யாக ஞானஸ்நானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கதையைத் தெரு ஜெபக் கூட்டத்தில் அவர் முதல்முறை சொன்னபோது செல்லபாய் எழுந்து, “யூதன்தானே ஃபாதர் நம்ம ஆண்டவர ஆணியடிச்சது?” என்று கேட்டாள்.

“ஆண்டவரே யூதர்தான் செல்லபாய். மாதாவும் யூதப் பெண்ணுதான். கைப்பிள்ளையோட எகிப்துக்கு ஓடினதும் அந்த மாதாதான்,” என்றார் ஃபாதர். செல்லபாய் உட்கார்ந்துவிட்டாள்.

குளோரி கேட்ட கேள்வி வேறு. “அஞ்சு பேரு, ஒம்பது மாசம். கக்கூசுக்கு எங்க போனாவ?” என்றாள். கூட்டம் சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். இப்போது தினமும் விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறபோது, இதில் சிரிக்க என்ன இருந்தது என்று குளோரிக்கு ஆத்திரமாக வரும்.

அந்த வியாழக்கிழமை நான்காவது குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மழைக்கோட்டு போட்ட ஒருவர் இறவாரத்தில் ஒதுங்கி நின்றார். நாற்பது வயதிருக்கும். சாதாரண உடுப்பில் வருகிற போலீஸ் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கடற்கரை ஊர்களில் சிலோன்காரர்கள் தங்கியிருக்கிறார்களா என்று ஒரு வாரமாக வீடுவீடாக விசாரிப்பதாகக் குளோரி கேள்விப்பட்டிருந்தாள். அவருக்கு எதிரே, நனைகிற துணியை எடுக்க வெளியே வந்த ஜெசிந்தா, கையில் சேலையோடு மரம் மாதிரி நின்றாள். தலைத்துணி நழுவி, மொட்டைத் தலையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

“இது யாரு?” என்றார் அவர்.

தங்கை மகள் என்றிருக்கலாம். மடத்துப் பிள்ளை, வீட்டு வேலைக்கு வந்தது என்றிருக்கலாம். ஆறு வாரமாகப் பத்துப் பதில் யோசித்து வைத்திருந்தாள். அந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

“எனக்க மவனுக்குப் பாத்து வச்சிருக்க பெண்ணு சார். வேளாங்கண்ணிக்கு நேந்து மொட்ட போட்டிருக்கு.”

“மவன் எங்க?”

“பஹ்ரைன்ல.”

“கல்யாணம் எப்ப?”

“வாற ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்கும்.”

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிவில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். குளோரி அதைச் சொன்னதற்குக் காரணம், ஓலை என்றால் கோயில் காரியம், கோயில் காரியம் என்றால் போலீஸ் ஒதுங்கும் என்ற நினைப்பு. வந்தவர் மார்த்தாண்டம் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

“கொள்ளாம்,” என்றார் அவர். “நம்ம ஆளுவதான். அப்ப ஞாயித்துக்கிழமை நானும் பூசைக்கு வாறேன்.” பிறகு மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். “ஒண்ணு மட்டும் மனசிலாவல்ல. எங்க பக்கத்துல ஓலை வாசிக்கப் போற பெண்ணு, மாப்பிள வீட்டு நடையில கால் வைக்காது. தாலிகெட்டுக்குப் பொறவுதான் அந்த வீட்டுல வெள்ளம்கூடக் குடிக்கும். கடப்புறத்துல முறை வேறயோ?”

முறை அதேதான். குளோரியின் கல்யாணத்திலும் அதேதான். “தூத்துக்குடிப் பெண்ணு சார்... தாய் தகப்பன் இல்ல... மழையில்லியா...” என்று ஏதோ உளறினாள். அவர் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வண்டி போன பிறகு பார்த்தால், இடுப்பிலிருந்த குடம் சரிந்து பாதித் தண்ணீர் தரையில் கிடந்தது.

மறுநாள் காலையில் ஃபாதரைப் பார்க்கப் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டார்.

“பீடத்துல நின்னு பொய் ஓலை வாசிக்கச் சொல்லுதியா குளோரி?”

“வாசிக்கல்லன்னா அவ போச்சு ஃபாதர்.”

“பெண்ணுக்க பங்குலருந்து ஞானஸ்நானச் சீட்டு வேணுமே.”

“அவளுக்க பங்குக் கோயிலு ஷெல் விழுந்து கெடக்கு. அங்க யாரு சீட்டு எழுதித் தருவா?”

“ஜெனினுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“செல்லபாய்க்கு? அந்த லிஜாவுக்கு?”

முந்தின நாள் முதல் குளோரியை அரித்துக்கொண்டிருப்பது அதுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பது? உன் மகளுக்குச் சொன்ன பையனை ஊர் முன்னால் இன்னொருத்தி பெயரோடு சேர்த்து வாசிக்கப் போகிறேன், நீ தடை சொல்லிவிடாதே என்று கேட்க எந்த நாக்குக்கு வரும்?

“ஓலையில தடை சொல்ல அவளுக்கு நியாயம் உண்டு,” என்றார் ஃபாதர் மெதுவாக. “அவ எந்திரிச்சுச் சொன்னா, நான் கேக்காத்த மாதிரி நிக்க முடியாது. போலீசும் அங்க இருக்கும்.”

“தெரியும் ஃபாதர்.”

“பொறவு எதுக்கு என்கிட்ட வந்த?”

குளோரிக்குக் கோபம் வந்தது. களைத்த கோபம், சத்தம்கூட எழும்பவில்லை. “மூணு வருசமா நீங்க அந்த இத்தாலிக்காரிக்க கதையச் சொல்லுதிய. அந்த ஊருச் சாமியாரு அஞ்சு பொய்ச் சீட்டு எழுதினாருன்னு நீங்கதான் சொன்னிய. நாங்க எல்லாரும் கை தட்டினோம். நான் ஒண்ணுதானே கேக்கேன்.”

ஃபாதர் கோப்பையைக் கீழே வைத்தார். கதையில் வருகிற சாமியாருக்கும் இப்படித்தான் பயமாக இருந்திருக்கும், அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. “நீ போ. நான் ஜெபம் பண்ணணும்,” என்றார்.

“போலீசு வாறதுக்கு முந்திப் பண்ணி முடிச்சிருங்க,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

“குளோரி,” என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். “அந்தப் பிள்ள கக்கூசுக்கு என்ன செய்யுது?”

“வாளி ஃபாதர். நான்தான் சொமக்குதேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த இத்தாலி அம்மாகிட்ட நான் அதக் கேட்டிருக்கணும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைப் பூசைக்கு மழை கொட்டியது. குளோரி ஜெசிந்தாவின் தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெண்கள் பக்கம் உட்காரவைத்தாள். இரண்டு வரிசை முன்னால் செல்லபாயும் லிஜாவும். லிஜா திரும்பிப் பார்த்து ஜெசிந்தாவுக்குச் சிரித்தாள். செல்லபாய் திரும்பவில்லை. கடைசி பெஞ்சில் மழைக்கோட்டைப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். எழ வேண்டிய இடத்தில் எழுந்தார், முழங்காலிட வேண்டிய இடத்தில் முழங்காலிட்டார். ஒன்றும் பிசகவில்லை.

அன்று குளோரி பூசை கண்டாள் என்று சொல்ல முடியாது. நன்மை அப்பம் வாங்கப் போகவும் துணியவில்லை. செல்லபாயின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்து திரும்பினால் எல்லாம் முடிந்தது.

ஃபாதர் அறிவிப்புகளை வாசித்தார். மறைக்கல்வி வகுப்பு, கல்லறைத் தோட்டத்துச் சுவர் வேலை. பிறகு அங்கிக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

“கல்யாண அறிக்கை. முதல் ஓலை. நம் பங்கைச் சேர்ந்த ஏசுஅடிமை, குளோரி இவர்களின் மகன் ஜெனின். காலம்சென்ற பெற்றோரின் மகளும், கடற்கரைப் பங்கு ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றவளுமான ஜெசிந்தா.”

எந்த ஊர் என்று சொல்லாமல் கடற்கரைப் பங்கு என்று மட்டும் சொல்லி, ஃபாதர் தன் மனச்சாட்சிக்கு ஒரு சந்து விட்டிருந்தார். பெஞ்சுகள் முனகின. எல்லாத் தலைகளும் திரும்பின, ஜெசிந்தாவை நோக்கி அல்ல, லிஜாவை நோக்கி. லிஜாவின் காது மடல் சிவந்து போயிருந்தது. அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர்கள்,” என்றார் ஃபாதர். வழக்கமாக மூச்சு விடாமல் அடுத்த ஓலைக்குப் போய்விடுவார். அன்று நிறுத்தினார். காகிதத்தை மடித்துக்கொண்டு காத்து நின்றார். கடைசி பெஞ்சிலிருந்தவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

செல்லபாய் எழுந்தாள்.

குளோரி கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே, நான் சாளை விற்ற பாவத்துக்கு இந்தப் பிள்ளையைத் தண்டிக்காதே என்று மனதுக்குள் கும்பிட்டாள். பக்கத்தில் ஜெசிந்தாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

“ஃபாதர், தடையொண்ணும் இல்ல,” என்றாள் செல்லபாய். சந்தையில் கூவிப் பழகிய குரல், மழையைத் தாண்டிக் கேட்டது. “ஒரு கொற உண்டு. ஓலை வாசிச்ச பெண்ணு மாப்பிள வீட்டுல நிக்கப்பிடாது. இது எனக்க தங்கச்சி மவ. தங்கச்சி தூத்துக்குடியில செத்துப்போச்சு. பிள்ள இங்க வந்த சமயம் எனக்க வீட்டு அறை ஒழுகிச்சு, அதனால செவுருக்கு அந்தப் பக்கம் படுக்கச் சொன்னேன். அது எனக்க தப்பு. இண்ணைக்கே நான் கூட்டிக்கிட்டுப் போறேன். கெட்டு கழியது வரைக்கும் எனக்க வீட்டுல, எனக்க மவ கூட நிக்கும்.”

செல்லபாய் நான்கு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்த ஒற்றைப் பெண். அவளுக்குத் தங்கச்சி என்று ஒருத்தி கிடையாது. அது அந்தக் கோயிலில் இருந்த ஊர்க்காரர் முந்நூறு பேருக்கும் தெரியும். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்த, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஜெபமணிக்குத் தெரியும், அவளோடு சந்தைக்குப் போகிற பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் பக்கத்தில் ஏசுஅடிமை ஒருதடவை இருமினான். வேறு ஒரு சத்தமும் இல்லை.

“நல்லது,” என்றார் ஃபாதர். “முறை அதுதான். எல்லாரும் எழுந்து நிற்போம்.”

பூசை முடிந்து வெளியே வந்தபோது போலீஸ்காரர் முகப்பில் நின்றிருந்தார். நேராக ஜெசிந்தாவிடம் வந்தார்.

“பேரு ஜெசிந்தா இல்லியா? தூத்துக்குடியில எந்தத் தெரு மக்கா?”

கேட்டது அன்பாகத்தான். பதில் சொன்னால் போதும், அவள் நாக்கே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். செல்லபாய் அவர்கள் நடுவில் புகுந்து நின்றாள்.

“ஓலை வாசிச்ச பிள்ளகிட்ட அந்நிய ஆம்பிள பேச்சுக் குடுக்கப்பிடாது சாரே. ஒங்க பக்கத்துல அந்த முறை இல்லியோ?”

அவர் செல்லபாயைப் பார்த்தார். பிறகு, பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்ற லிஜாவைப் பார்த்தார். அழுது முடித்த முகம், மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் முட்டாள் இல்லை.

“உண்டு,” என்றார். “எங்க பக்கத்துலயும் உண்டு.” மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். இரண்டாவது ஓலைக்கு அவர் வரவில்லை, மூன்றாவதுக்கும் வரவில்லை. அவருக்கு என்ன புரிந்தது என்பது குளோரிக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

“மைனி,” என்றாள் குளோரி.

“ஒனக்க கூட எனக்கு இப்பளும் பேச்சு இல்ல கேட்டியா,” என்றாள் செல்லபாய். “போலீசு வந்து கேட்டதும் கேட்டேன், நீ ஒளறினதும் கேட்டேன். செவுரு ஒண்ணுதானேட்டி. நாலு நாளா நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்திருந்தேன். வந்தியா நீ?” ஜெசிந்தாவின் கையைக் குளோரியின் கையிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். லிஜா குடையை விரித்து மூன்று பேருக்குமாகப் பிடித்தாள்.

மத்தியானம் குளோரி தனியாகச் சோறு தின்றாள். ஏசுஅடிமை சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போயிருந்தான். ஆறு வாரத்தில் முதல்தடவையாக வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மூலையில் வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இனிப் படுத்துத் தூங்கலாம். சுவரோரமாகப் பாயை விரித்துத் தலையைச் சாய்த்தபோது அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா என்று நினைத்தாள். ஆனால் அந்த அழுகையை ஆறு வாரமாகக் கேட்டிருக்கிறாளே, இது அது இல்லை. இது லிஜா.

“அழாதேங்கோ அக்கா,” என்றது சிலோன் குரல். “நான் போயிடுவன். அவரை எனக்குத் தெரியவும் தெரியாது. உங்கட ஆளை நான் எடுக்க மாட்டன்.”

“அது எனக்குத் தெரியும்ட்டி,” என்றாள் லிஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “முதல் ஓலை அண்ணைக்கு உடுக்கணும்னு ஒரு சேலை எடுத்து வச்சிருந்தேன். அது ஓர்மை வந்துது. வேற ஒண்ணுமில்ல. நீ எங்கயும் போவாண்டாம்.”

“சத்தம் போடாதிய ரெண்டு பேரும்,” என்று செல்லபாய் அதட்டினாள். “அந்தப் பக்கம் கேக்கும்.”

குளோரிக்கு எழுந்து போய் லிஜாவின் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உடம்பு எழும்பவில்லை. படுத்தபடியே, “கேக்குது மைனி,” என்றாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று உருண்டது.

“கேட்டா கேளு,” என்றாள் செல்லபாய். “பிள்ளைக்குக் குளிக்க இங்க ஒரு சொட்டு வெள்ளம் இல்ல. ரெண்டு கொடம் எடுத்தோண்டு வா.”

குளோரி முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, வாசலில் நின்ற குடங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.